தண்டனை கொடுத்துவிட்டார்கள், அடுத்து என்ன? குற்றவியல் மேல்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் தண்டனை பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., வந்திருக்கிறது. மேல்முறையீடு பற்றிய விதிகள் பெரும்பாலும் பழையவைதான், பிரிவு எண்கள்தான் மாறியிருக்கின்றன. வக்கீல்கள் இன்னும் வாய் தவறி 374, 389 என்றே சொல்வார்கள். அதனால் தேவையான இடங்களில் இரண்டு எண்களையும் கொடுத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் தண்டனை என்று சொல்லிவிட்டார்கள். உடனே என்ன செய்வது?

முதலில் தண்டனை எத்தனை வருடம் என்று பாருங்கள். 3 வருடமோ அதற்குக் குறைவோ என்றால், வழக்கு நடந்தபோது நீங்கள் ஜாமீனில் இருந்தவர் என்றால், தண்டனை கொடுத்த அதே நீதிமன்றமே அதை நிறுத்தி வைத்து, மேல்முறையீடு போடுவதற்குத் தேவையான அவகாசத்துக்கு ஜாமீன் தரலாம் (பி.என்.எஸ்.எஸ். 430, பழைய 389). இந்த மனுவை அன்றைக்கே, நீதிபதி இருக்கையை விட்டு எழுவதற்குள் போட வேண்டும். தீர்ப்பு நாளன்று ஜாமீன்தாரர்கள் இருவரைக் கையோடு கூட்டி வரச் சொல்வது இதற்காகத்தான். தீர்ப்பு மாலை 4 மணிக்கு வந்து, ஜாமீன்தாரர் ஊரிலிருந்து பஸ் ஏறுவதற்குள் கோர்ட் நேரம் முடிந்துபோய், ஒரு ராத்திரி சிறையில் கழித்தவர்கள் நிறையப் பேர்.

3 வருடத்துக்கு மேல் என்றால் நேரே சிறைதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைக்கும்வரை வெளியே வர முடியாது. உள்ளே போவதற்கு முன் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மறந்துவிட்டாலும் ஒன்றும் மூழ்கிவிடாது, சிறை அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாம். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் வீணாகும்.

சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய வேண்டும்?

மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றம். செஷன்ஸ் நீதிபதியோ கூடுதல் செஷன்ஸ் நீதிபதியோ தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றம். யார் கொடுத்த தண்டனையாக இருந்தாலும் 7 வருடத்துக்கு மேல் என்றால் அதுவும் உயர் நீதிமன்றம்தான். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை தொடங்கிய பிறகு தென் மாவட்டங்களும், திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை போன்றவையும் அங்கே போகின்றன. மற்ற மாவட்டங்களும் புதுச்சேரியும் சென்னைக்கு. ஆயுள் தண்டனை, மரண தண்டனை வழக்குகளை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள். மரண தண்டனை என்றால், நீங்கள் மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது.

சின்ன அபராதங்களுக்கு மேல்முறையீடே கிடையாது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100 ரூபாய் வரை அபராதம் மட்டும் போட்டிருந்தால் அதோடு சரி, சட்டப்பிழை உண்டா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு வேண்டுமானால் போடலாம்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனைக்கு மட்டும் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாள்தான். இவை 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தில் இருக்கின்றன. நடைமுறைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது.

இந்தக் கணக்கில் தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்கக் கூடாது. சான்று நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து நகல் தயாரான நாள்வரை ஆன நாட்களையும் கழித்துவிடலாம். மார்ச் 3-ஆம் தேதி மாஜிஸ்திரேட் தண்டித்தார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 முதல் எண்ணினால் 30-ஆவது நாள் ஏப்ரல் 2. மார்ச் 10-ஆம் தேதி காப்பி அப்ளிகேஷன் போட்டு 24-ஆம் தேதி நகல் தயாரானால் அந்த 15 நாள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், ஏப்ரல் 17 வரை நேரம் உண்டு. ஆனால் 4-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதிவரை அப்ளிகேஷன் போடாமல் சும்மா இருந்த 6 நாள் போனது போனதுதான். கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் அன்றைக்குத் தாக்கல் செய்யலாம்.

நகலின் பின்பக்கத்தில் விண்ணப்பித்த தேதி, தயாரான தேதி எல்லாம் முத்திரையாக இருக்கும். வக்கீல் ஆபீசுக்கு வரும்போது பலர் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வருகிறார்கள். பின்பக்கம்தான் எனக்கு முதலில் வேண்டும்.

நாள் தாண்டிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

இல்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவும் அதற்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். சிறையில் இருப்பவர், கட்டணம் புரட்ட முடியாதவர், உடம்பு சரியில்லாதவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக இறங்கி வருகின்றன. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் எல்லோரும் எழுதும் ‘மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக இருந்தேன்’ என்ற வாசகத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நீதிபதிகளுக்கு அது மனப்பாடம். உண்மையில் நடந்ததை, தேதியோடு எழுதினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். ஹோஸ்கோட் என்பவருக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 1973-இல் தண்டனையை 3 வருடமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்பின் நகல் அவர் கைக்கு வரவே 1978 ஆகிவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு அவர் மனு போடும்போது தண்டனையையே முழுதாக அனுபவித்து முடித்திருந்தார். மனு தோற்றது. ஆனால் அதில்தான் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்பு நகலைக் கைதியிடம் இலவசமாகக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வக்கீல் இல்லாதவருக்கு நீதிமன்றம் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று வரையறுத்தார். இன்று சிறையில் நகலை வாங்கிக்கொண்டு ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறீர்கள் அல்லவா, அதன் வேர் இந்த வழக்கில் இருக்கிறது.

மேல்முறையீட்டில் வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பார்களா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மறுபடி விசாரிக்க மாட்டார்கள். சாட்சிகள் வர மாட்டார்கள், நீங்களும் கூண்டில் ஏற மாட்டீர்கள். கீழ்க்கோர்ட்டில் என்ன பதிவானதோ அந்தக் கட்டு மட்டும் மேலே வரும். அரசுத் தரப்பு சாட்சி 1, சாட்சி 2 என்று அவர்கள் சொன்னது, குறுக்கு விசாரணையில் பதிவானது, சான்றாவணங்கள், சான்றுப் பொருட்கள், கடைசியில் தீர்ப்பு. இவற்றை டைப் செட்டாகத் தைத்து நீதிபதியின் மேசையில் வைப்பார்கள். வாதம் முழுவதும் அந்தக் காகிதங்களின் மேல்தான்.

நீதிபதி சாட்சியத்தையும் சட்டத்தையும் இரண்டையுமே புதிதாக எடை போடலாம். அது அவருடைய கடமையும்கூட. விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், குற்றப் பிரிவை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் பதிவேட்டில் இல்லாததை அவரால் பார்க்க முடியாது. ‘சார், அந்த சாட்சி அன்றைக்கு ஊரிலேயே இல்லை, எல்லோருக்கும் தெரியும்’ என்று கட்சிக்காரர் சொல்வார். குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களா என்று பக்கத்தைப் புரட்டுவேன். கேட்டிருக்க மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் ஹைகோர்ட்டுக்குத் தெரியாமலே போய்விடும்.

போலீஸ் விதியை மீறியிருக்கிறார்கள். அதைக் காட்டினால் விடுதலை உறுதிதானே?

உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கேள்வியில் சட்டமே நூறு வருடத்துக்கு மேல் இங்கும் அங்கும் நடந்திருக்கிறது, அந்த நடை தொடங்கியதே மெட்ராஸில்தான்.

சுப்பிரமணிய ஐயர் எதிர் சக்கரவர்த்தி என்று 1901-இல் ஒரு வழக்கு. ஒரே வகைக் குற்றங்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் நடந்த மூன்றை மட்டும்தான் ஒரே விசாரணையில் சேர்க்கலாம் என்பது அன்றைய விதி. அரசுத் தரப்பு இரண்டு வருடத்தில் நடந்ததாகச் சொன்ன 41 செயல்களை ஒரே கட்டாகக் கட்டி விசாரித்துத் தண்டனை வாங்கிவிட்டது. வழக்கு, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போனது. இத்தனை குற்றச்சாட்டுகளை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றில் இருக்கும் ஓட்டையை இன்னொன்று அடைத்துவிடும், அதைத் தடுக்கத்தான் விதி இருக்கிறது, இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்க முடியாது என்ற போக்கில் தண்டனையையே ரத்து செய்தார்கள்.

அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல மறுபக்கம் நகர்ந்தன. 1955-இல் ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலைத் தெளிவாக வைத்தது: விதி மீறப்பட்டதா என்பதோடு கேள்வி முடிவதில்லை, அதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்மையில் பாதகம் ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டும். இன்று பி.என்.எஸ்.எஸ். 511 (பழைய 465) சொல்வது இதைத்தான். பிழையால் நீதி தவறியிருந்தால் மட்டுமே தீர்ப்பு சாயும். அதோடு, அந்த ஆட்சேபணையை முன்பே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். இந்தக் கடைசி வரியில் சிக்கித் தோற்ற மேல்முறையீடுகள் ஏராளம்.

ஒரு உதாரணம். செல்போன் அழைப்புப் பட்டியல் போன்ற மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும் (பழைய சாட்சியச் சட்டம் 65பி). அது இல்லாவிட்டால் ஆதாரம் செல்லாது என்று 2014-இல் அன்வர் வழக்கில் தீர்ப்பு. இது தெரிந்ததும் பலர் மேல்முறையீட்டில் ‘சான்றிதழ் இல்லை’ என்று கிளம்பினார்கள். 2017-இல் ஹரியானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது இதுதான்: விசாரணையின்போது அந்தப் பட்டியலைச் சான்றாவணமாகக் குறியீடு செய்தார்களே, அப்போது ஏன் ஆட்சேபிக்கவில்லை? அப்போதே சொல்லியிருந்தால் அரசுத் தரப்பு சான்றிதழை வாங்கி வைத்திருக்கும். இப்போது சொல்ல இடமில்லை. முடிந்தது.

அப்படியானால் எந்த மீறல்தான் பலிக்கும்?

பட்டியல் போட முடியாது, ஆனால் அடிக்கடி பலிப்பவை சில உண்டு.

சாட்சியம் முடிந்ததும் நீதிபதி உங்களைக் கூப்பிட்டு ‘உங்களுக்கு எதிராக இப்படிச் சொல்கிறார்களே, என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்பார். பழைய 313, இப்போது 351. பெரும்பாலானவர்கள் இதைச் சடங்கு என்று நினைத்து ‘பொய் கேஸ்’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு எதிரான ஒரு சங்கதியை உங்களிடம் கேட்காமலே விட்டுவிட்டால் அதை வைத்து உங்களைத் தண்டிக்கக் கூடாது என்று 1984-இல் சாரதா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023-இல் டெல்லிக் கொலை வழக்கு ஒன்றில் முக்கியமான சங்கதியே இந்தக் கேள்விகளில் விட்டுப்போயிருந்தது. சம்பவம் நடந்து 27 வருடம் ஆன பிறகு மறுபடி கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்று விடுதலையே கொடுத்தார்கள்.

கஞ்சா வழக்குகளில் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. உடம்பைச் சோதிப்பதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதிகாரி சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்த பொருளை மட்டும் நம்பிக் கொடுத்த தண்டனை நிற்காது என்று 1999-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் கவனியுங்கள், இது உடம்பில் இருந்து எடுத்தால்தான். கைப்பையில் இருந்து எடுத்தது என்றால் இந்த வாதம் ஓடாது. இதே போதைப்பொருள் சட்டத்தில், அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் மாநிலத்தில் அதற்கு முன் அந்த வாக்குமூலங்களை மட்டுமே நம்பி எத்தனை வழக்குகள் ஓடின என்பது அந்தக் கோர்ட்டுகளில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. செக் வழக்கைச் சுருக்க விசாரணையாக நடத்திக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் மாறுதலாகிப் போய், புதிதாக வந்தவர் பழையவர் குறித்து வைத்த சாட்சியத்தை வைத்தே தீர்ப்பு எழுதினால் அது செல்லாது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அப்படி ஒரு வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. சுருக்க விசாரணையில் சாட்சியத்தின் சாரம்தான் எழுதப்படும், சாட்சியை நேரில் பார்க்காதவர் அந்தச் சாரத்தை எப்படி எடை போடுவார்? வழக்கமான சம்மன்ஸ் விசாரணையாகவே முழுதாகப் பதிவு செய்திருந்தால் இது பொருந்தாது. கட்டைத் திறந்து எந்த முறையில் நடந்தது என்று பார்க்காமல் இதை வாதிடாதீர்கள்.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற விஷயம். காலை 8 மணிக்குப் பதிவானது என்கிற எஃப்.ஐ.ஆர். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு ராத்திரி 11 மணிக்குப் போயிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி வரும். இது மட்டுமே வழக்கைச் சாய்க்காது. மற்ற சந்தேகங்களோடு சேர்ந்தால் கனம் கூடும்.

குற்றம் செய்தவன் ‘டெக்னிக்கல் பாயின்ட்’டில் தப்பிப்பது நியாயமா?

கோபம் புரிகிறது. ஆனால் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1997-இல் டெல்லியில் ஒரு பேருந்தில் குண்டு வெடித்த வழக்கில் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒருவருக்கு மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது அவருக்கு வக்கீலே இல்லை. குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லாமல் ஒருவரைத் தூக்கு மேடைவரை கொண்டுபோயிருக்கிறார்கள். 2012-இல் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள்.

இன்னொன்று, 2002 கலவரக் கொலைகள் பற்றிய குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கு. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் விடுதலையானார்கள். விசாரணை நடந்த விதமே சரியில்லை, சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை, அரசுத் தரப்பு தன் வேலையைச் செய்யவில்லை என்று சொல்லி 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு வழக்கில் தண்டனையைக் கவிழ்த்த அதே நியாயம்தான் இன்னொன்றில் விடுதலையைக் கவிழ்த்தது.

அரசுத் தரப்பு விதி தவறினால்?

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டை எல்லோரும் தீர்ப்புக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நடைமுறைச் சங்கதிதான் பெரிதாகத் தெரிகிறது. 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூரு தனி நீதிமன்றம் 4 வருடச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் கொடுத்தது. வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது என்பதால் அரசு வக்கீலை நியமிக்க வேண்டியது கர்நாடக அரசு. ஆனால் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் தமிழக அரசு நியமித்த வக்கீலே வாதாடினார். தி.மு.க.வின் க. அன்பழகன் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் மேல்முறையீட்டை மறுபடி கேட்கச் சொல்லவில்லை, கர்நாடகமும் அன்பழகனும் எழுத்துபூர்வமாக வாதம் கொடுத்தால் போதும் என்றார்கள். வாய் வாதத்துக்கு இடமே இல்லாமல் போனது. மே 11-இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் வங்கிக் கடன்களின் கூட்டல் 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று வந்திருந்தது. எதிரில் நின்று ‘கூட்டல் தப்பு, மைலார்ட்’ என்று சொல்ல ஒருவர் முறையாக வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கத் தோன்றும். 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா இறந்திருந்தார்.

மேல்முறையீடு போட்டால் தண்டனை கூடிவிடுமோ?

நீங்கள் மட்டும் மேல்முறையீடு செய்திருந்தால் கூட்ட முடியாது. கூட்ட வேண்டும் என்றால் அரசு தனியாக மேல்முறையீடு போட வேண்டும், உங்களுக்கும் பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும். அப்போதும் நீங்கள் ‘நான் நிரபராதி’ என்றே வாதிடலாம். திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் மதுரைக் கிளை, குற்றவாளி போட்ட மேல்முறையீட்டோடு தானாகவே ஒரு சீராய்வையும் எடுத்துக்கொண்டு, கீழ்க்கோர்ட் விடுதலை செய்த பெரிய குற்றத்திலும் சேர்த்துத் தண்டித்தது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேலே போனவர் இருந்ததைவிட மோசமான நிலையில் திரும்பக் கூடாது என்பதுதான் காரணம்.

தண்டனையை நிறுத்தி வைப்பதும் தீர்ப்பை நிறுத்தி வைப்பதும் ஒன்றுதானா?

இல்லை. தண்டனை நிறுத்தம் என்றால் வெளியே இருக்கலாம், ஆனால் நீங்கள் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்தான். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியாமல் பெரிய அடி விழுகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று காரணம் சொல்லிப் பணிநீக்கத்தைத் தடுக்க முடியாது என்று 1995-இலேயே தமிழகக் கல்லூரிக் கல்வித் துறை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். அது அபூர்வமாகத்தான் கிடைக்கும், லஞ்ச வழக்குகளில் இன்னும் அபூர்வம். பொன்முடிக்கு 2024 மார்ச் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்ததால்தான் அவரால் மறுபடி அமைச்சராகப் பதவியேற்க முடிந்தது. ராகுல் காந்தியின் எம்.பி. பதவி 2023 ஆகஸ்டில் திரும்பியதும் இதே வழியில்.

வெறும் தண்டனை நிறுத்தம் கேட்பவர்களுக்கு, மேல்முறையீடு சீக்கிரம் விசாரணைக்கு வராது என்பது நல்ல வாதம். ஐந்தாறு வருடம் உள்ளே வைத்துவிட்டுக் கடைசியில் நிரபராதி என்றால் அந்த வருடங்களை யார் ஈடு செய்வது என்று 1977-இல் கஷ்மீரா சிங் வழக்கிலேயே நீதிமன்றம் கேட்டிருக்கிறது.

செக் வழக்கில் தண்டனை. மேல்முறையீட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

2018 திருத்தத்துக்குப் பிறகு, அபராதத்தில் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளுக்குள் கட்டச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிடலாம், இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். விதிவிலக்கே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கட்ட முடியாத நிலையை, அல்லது கட்டச் சொல்வது அநியாயம் என்பதைக் காட்டினால் நீதிமன்றம் விலக்கு தரலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் கேட்க வேண்டும். கேட்காமல், கட்டாமல், வாய்தாவுக்கும் போகாமல் இருந்தால் நிறுத்தி வைத்த தண்டனை மறுபடி உயிர் பெறும்.

‘குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்’ என்றார்கள், ஒப்புக்கொண்டேன். இப்போது மேல்முறையீடு செய்யலாமா?

தண்டனை அதிகம் என்றோ சட்டப்படி தவறு என்றோ மட்டும்தான் வாதிடலாம். குற்றமே செய்யவில்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. யார் அப்படிச் சொன்னார்களோ அவர் கூண்டில் நிற்கவில்லை, நீங்கள்தான் நின்றீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

சிறையில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. சிறையில் இருந்தால் மனுவைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாலே போதும், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஜெயில் அப்பீல் என்பார்கள்.

வக்கீல் இருந்தும் விசாரணை நாளில் வரவில்லை என்றால்? ஆள் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்துத் தகுதியின் மேல் முடிவெடுக்க வேண்டும் என்று 1996-இல் பானி சிங் வழக்கில் தீர்ப்பு. உங்கள் வழக்கு அப்படி ஒரு வரியில் தள்ளுபடியாகியிருந்தால் அதுவே மேலே போக நல்ல காரணம்.

புதிதாக ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. காட்டலாமா?

பி.என்.எஸ்.எஸ். 432 (பழைய 391) அதற்கு வழி விடுகிறது. ஆனால் விசாரணையின்போதே கொடுத்திருக்கக் கூடியதை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு நேரான பதில் வேண்டும். ‘அப்போது தோன்றவில்லை’ என்பது பதிலாகாது.

மேல்முறையீடு செய்தவர் நடுவில் இறந்துவிட்டால்?

சிறைத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு அவரோடு முடிந்துவிடும். ஆனால் பெயருக்கு விழுந்த கறையைத் துடைக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இறந்த 30 நாளுக்குள் மனு போட்டு வழக்கைத் தொடரலாம். துக்க வீட்டில் யாருக்கும் இந்த 30 நாள் நினைவுக்கு வருவதில்லை. வக்கீலுக்கு ஒரு போன் போடச் சொல்லி யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டோம். இன்னும் வழி உண்டா?

மாஜிஸ்திரேட் தண்டித்து செஷன்ஸ் உறுதி செய்திருந்தால் இரண்டாவது மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் சீராய்வு மனு போடலாம். அங்கே சாட்சியத்தை மறுபடி எடை போட மாட்டார்கள், சட்டப்பிழையோ அப்பட்டமான தவறோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டைத் தள்ளியிருந்தால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. கீழே விடுதலையான ஒருவரை உயர் நீதிமன்றம் தண்டித்து 10 வருடமோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால், அனுமதி கேட்காமலே உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு.

டெல்லிக்குப் போவதற்கு முன் ஒன்று. சிறைத் தண்டனை என்றால் சரணடைந்ததற்கான சான்றையோ, சரணடைவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவையோ சேர்க்காமல் உச்ச நீதிமன்றப் பதிவகம் உங்கள் மனுவைப் பட்டியலிடாது. ஊரில் தலைமறைவாக இருந்துகொண்டு ‘சுப்ரீம் கோர்ட்டில் போட்டாச்சு’ என்று சொல்லித் திரிபவர்களின் மனு, பெரும்பாலும் இந்தக் குறையோடு பதிவகத்தின் அலமாரியிலேயே கிடக்கும்.